லாக்டவுனில் இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே வீட்டில் இருந்தோம். நெருக்கம் மட்டும் எங்கே போனது?

#1 நீலமலர்

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்து, கூச்சத்தில் தள்ளிப்போட்ட கேள்வி. இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது என்பதால் கேட்டுவிடுகிறேன்.

2020 மார்ச்சில் எல்லாம் மூடியபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். அதுவரை நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த சாக்கு ஒன்றுதான்: நேரமில்லை. அவர் வீடு திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன், நான் எழும்போது அவர் கிளம்பியிருப்பார். கதவைச் சாத்திய அன்றே தோழிகள் குழுவில் கிண்டல் ஆரம்பித்துவிட்டது, "டிசம்பரில் பிரசவ வார்டில் இடமே இருக்காது பார்" என்று. நானும் சிரித்தேன்.

நடந்தது நேர்மாறு. முதல் இரண்டு வாரம் விடுமுறை மாதிரி இருந்தது. அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் ஒருவர் மேல் ஒருவர் கைகூடப் படவில்லை. சண்டை இல்லை. மூன்றாவது ஆள் யாரும் இல்லை. ஆசையே வரவில்லை, அவ்வளவுதான். பிறகு தானாகவே ஓரளவு சரியாகிவிட்டது. ஆனால் அந்த மாதங்களைப் பற்றி நாங்கள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்களுக்கு மட்டும்தான் இப்படியா?

#2 இரவுக்காகம்

உங்களுக்கு மட்டும் இல்லைங்க. ரெண்டு பிள்ளைங்க, ரெண்டுக்கும் ஆன்லைன் வகுப்பு, ஒண்ணு ஹாலில், ஒண்ணு படுக்கையறையில். நாங்க ரெண்டு பேரும் அலுவலக மீட்டிங்கை குளியலறைக்குப் பக்கத்துல நின்னு பேசினோம். இதுக்கு மேல விளக்கம் வேணுமா?

#3 எண்கணக்கன்

"டிசம்பரில் வார்டு நிரம்பும்" என்ற கிண்டலை அப்போது உலகம் முழுக்கச் செய்தார்கள். பெரும்பாலான இடங்களில் அது பொய்த்தது. அமெரிக்காவில் 2020-ல் பிறப்புகள் முந்தைய வருடத்தைவிட 4 சதவீதம் குறைவு. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் முதல் முடக்கத்துக்குச் சரியாக ஒன்பது மாதம் தள்ளி எண்ணிக்கை சடாரென்று விழுந்தது. பின்லாந்து, நார்வே போன்ற நாடுகள் விதிவிலக்கு; அங்கே 2021-ல் பிறப்புகள் கூடின. வேலை போனாலும் வயிறு காயாது என்ற நம்பிக்கை இருந்த இடங்கள் அவை என்பது என் ஊகம்.

இது புதிதும் இல்லை. 1918 இன்ஃப்ளூயன்சா அலைக்குப் பிறகும் பல நாடுகளில் பிறப்பு முதலில் சரிந்தது. நார்வேயில் 1920-ல்தான் எகிறியது. ஆபத்து தலைக்கு மேல் தொங்கும்போது யாரும் தொட்டில் வாங்குவதில்லை.

#4 வெண்பூனை

கணக்கரே, பிறப்பு குறைந்தால் உறவு குறைந்தது என்று அர்த்தமாகிவிடுமா? பயந்துபோய்க் கவனமாக இருந்திருக்கலாமே. ஆணுறை விற்பனை ஏறியிருக்கும்.

#5 எண்கணக்கன்

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள், ஆணுறை செய்கிறவர்கள் உட்பட. உலகில் விற்கும் ஐந்து ஆணுறைகளில் ஒன்றைச் செய்வது மலேசியாவின் கரெக்ஸ் நிறுவனம். 2020 மார்ச்சில் அந்த நாட்டு முடக்கத்தால் அதன் ஆலைகள் பத்து நாள் போல நின்றன. உலகமே ஆணுறைப் பஞ்சத்தைப் பார்க்கப்போகிறது என்று அப்போது எச்சரித்தார்கள். 2022 தொடக்கத்தில் அதே நிறுவனத்தின் தலைவர் சொன்னது, இரண்டு வருடத்தில் பயன்பாடு 40 சதவீதம் வரை குறைந்துபோனது என்று. விடுதிகள் மூடிக் கிடந்தன, அரசுகள் இலவசமாகக் கொடுப்பதும் படுத்துவிட்டது.

எனவே உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம். விற்பனையை வைத்தும் படுக்கையறையை எட்டிப் பார்க்க முடியாது. ஆட்களிடமே கேட்க வேண்டும், கேட்டும் இருக்கிறார்கள். பாலுறவைப் பற்றி ஆராயும் அமெரிக்காவின் கின்சி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2020 வசந்தத்தில் 1,559 பேரிடம் கேட்டார்கள். நாற்பத்து மூன்றரை சதவீதம் பேர் தங்கள் பாலுறவு வாழ்க்கை மோசமாகிவிட்டது என்றார்கள். ஐந்தில் ஒருவர் மட்டும், அதுவரை செய்யாத ஏதோ ஒன்றைப் புதிதாக முயன்றதாகச் சொன்னார்கள். மற்றவர்களைவிட இந்தக் கூட்டத்தினர்தான் வாழ்க்கை மேம்பட்டது என்று அதிகமாகச் சொன்னார்கள். இணையத்தில் தாங்களாக வந்து பதில் சொன்னவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கூச்சப்படுகிறவர்கள் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்கள்.

#6 ஒற்றைப்படகு

எல்லோரும் ஜோடிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். தனியாக இருந்தவர்களின் கதையும் இருக்கட்டும்.

ஐந்து மாதம் பத்து நாள். அத்தனை நாளும் இன்னொரு மனித உடல் என்மேல் படவில்லை. கைகுலுக்கல்கூட இல்லை. பாலுறவு இல்லாததைப் பெரிதாகச் சொல்லவில்லை. காய்ச்சல் தடுப்பூசி போட வந்த செவிலி தோளைப் பிடித்தபோது கண் கலங்கிவிட்டது. அவருக்கு ஊசி வலி என்று தோன்றியிருக்கும்.

அந்த நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்தது, நம்பமாட்டீர்கள், ஒரு அரசாங்கக் குறிப்பு. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2020 மார்ச்சில் வெளியிட்டது. உங்களுக்கு ஆபத்தே இல்லாத துணை நீங்கள்தான், அடுத்தது உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர் என்று ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருந்தார்கள். பின்னால் அதைத் திருத்தி, இடையில் சுவர் மாதிரி ஒரு தடுப்பு இருந்தால் நல்லது என்கிற அளவுக்குப் போனார்கள். அதை வைத்து ஊர் சிரித்தது. நெதர்லாந்தில் மே மாதம், தனியாக வாழ்பவர்கள் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரோடு மட்டும் பேசி உறவு வைத்துக்கொள்ளலாம் என்று பொதுச் சுகாதார நிறுவனமே ஆலோசனை சொன்னது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து, "தனியாக இருப்பவர்களுக்கும் உடம்பு இருக்கிறதே" என்று யோசித்திருக்கிறார். அது போதும்.

#7 *(இந்தப் பதிவு நீக்கப்பட்டது. கிண்டல் வேறு, ஒருவரை அசிங்கப்படுத்துவது வேறு. இழையைப் பூட்டவைக்காதீர்கள். – மட்டுறுத்துநர்)*

#8 முன்னாள்செவிலி

பால்வினை நோய்ப் பிரிவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். ஆசை குறைந்ததைப் பற்றி இத்தனை பேர் பேசுகிறீர்கள், நல்லதுதான். எனக்கு உறுத்துவது வேறு.

2020 ஏப்ரலில் எங்கள் பிரிவையே மூடினார்கள். என்னையும் சக ஊழியர்களையும் கொரோனா வார்டுக்கு மாற்றினார்கள். தப்பென்று சொல்லவில்லை, அங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சியிலிருந்து ஆய்வக ரசாயனம் வரை எல்லாம் ஒரே நோய்க்குத் திருப்பிவிடப்பட்டது. அந்த வருடக் கணக்கு வந்தபோது மேலிடத்தில் ஒருவர் "பரவாயில்லையே, தொற்று குறைந்திருக்கிறது" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. தேடினால்தானே கிடைக்கும்?

அமெரிக்கக் கணக்கைப் பாருங்கள், அங்கே பதிவு ஒழுங்காக இருப்பதால் சொல்கிறேன். 2020-ல் கிளமிடியா என்கிற பால்வினைத் தொற்று 13 சதவீதம் குறைந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அதே வருடம் கொனோரியாவும் சிபிலிஸும் கூடியிருக்கின்றன. இந்த இரண்டிலும் மார்ச், ஏப்ரலில் விழுந்த எண்ணிக்கை வருடக் கடைசிக்குள் 2019-ஐத் தாண்டிவிட்டது. ஒரே ஜனங்கள், ஒரே படுக்கை. ஒன்று மட்டும் எப்படிக் குறையும்? கொனோரியா ஆண்களுக்குச் சீழும் எரிச்சலுமாக வெளியே காட்டிக்கொடுத்துவிடும், ஓடி வருவார்கள். கிளமிடியா பெரும்பாலான பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது. வேறு எதற்கோ வந்தவர்களைச் சோதித்துத்தான் கண்டுபிடிப்போம். வருகிறவர்கள் நின்றார்கள், கிளமிடியா காகிதத்தில் குறைந்தது, உடம்பில் இருந்தபடியே இருந்தது. கவனிக்காமல் விட்டால் அது கருக்குழாய் வரை ஏறி அடைத்துவிடும். நாலு வருடம் கழித்து "குழந்தை நிற்கவில்லையே" என்று வருவார்கள், யாருக்கும் 2020 ஞாபகம் வராது.

சிபிலிஸ் இன்னும் கொடுமை. கர்ப்பிணிக்கு உரிய காலத்தில் பென்சிலின் ஊசி போட்டால் வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். அந்த வருடம் பிறவிச் சிபிலிஸும் ஏறியது. பரிசோதனைக்கு வராத தாய்மாரின் பிள்ளைகள்.

2020, 21-ல் புதிய துணை யாரோடாவது இருந்து, அதன் பிறகு ஒருமுறைகூடப் பரிசோதித்துக்கொள்ளாதவர்கள் இதைப் படித்தால், போய்ச் செய்துகொள்ளுங்கள். சிறுநீர், கொஞ்சம் ரத்தம், அவ்வளவே. யாரும் உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய மாட்டார்கள். செய்தால் வேறு இடம் போங்கள்.

#9 பனித்துளி78

வணக்கம். ஒரு வருஷமா படிச்சுட்டு மட்டும் போறவன், முதல் தடவை எழுதறேன்.

2021-ல கொரோனா வந்து ஆக்சிஜன் வரைக்கும் போய்ப் பொழைச்சேன். வயசு 43. அதுக்கப்புறம் விறைப்பு சரியா வரதில்ல. வந்தாலும் நிக்கறதில்ல. மனைவிகிட்ட களைப்புன்னு சொல்லிட்டே இருக்கேன். எத்தனை வருஷத்துக்குக் களைப்புன்னு சொல்றது? நண்பன் ஒருத்தன் இணையத்துல மாத்திரை வாங்கலாம்ங்கறான். வாங்கலாமா?

#10 ஓய்வுபெற்றவைத்தியர்

தம்பி, முதலில் மாத்திரையை வாங்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கற்பனை செய்துகொள்ளவில்லை. ஆணுறுப்பின் விறைப்பு பெருமளவு ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்டது. ரத்தக் குழாயின் உட்சுவரில் மெல்லிய ஒரு படலம் உண்டு, அதுதான் குழாயை விரியச் சொல்லும். கொரோனா வைரஸ் நுரையீரலோடு நிற்பதில்லை, இந்தப் படலத்தையும் புண்ணாக்குகிறது. இத்தாலியில் 2021-ல் நூறு ஆண்களை ஒப்பிட்ட ஒரு சிறு ஆய்வில், தொற்று வந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு விறைப்புக் குறை இருந்தது; வராதவர்களில் 9 சதவீதம். நூறே பேர் என்பதால் அந்த எண்ணைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டாம், திசையைக் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மயாமியில் இரண்டு பேருக்கு, நோய் தீர்ந்து மாதங்களுக்குப் பிறகும் உறுப்பின் திசுவில் வைரஸ் துகள்களைக் கண்டிருக்கிறார்கள். இதற்கு மேல் நோயில் படுத்த களைப்பு, பயம், "இன்றைக்கும் வராதோ" என்ற பதற்றம். பதற்றமே பாதி நோய்.

மாத்திரை விஷயம். சில்டனாஃபில் (வயாகரா) நல்ல மருந்துதான். ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுக்கிறவர் அதைப் போட்டால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும், ஆளே போய்விடலாம். உறுப்புக்குப் போகும் குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை. அடைப்போ சர்க்கரையோ இருந்தால் முதலில் இங்கேதான் மணி அடிக்கும். நாற்பத்து மூன்றில் இப்படி என்றால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை. எல்லாப் பழியையும் கொரோனா தலையில் போட்டுவிட்டு வேறொன்றைக் கோட்டை விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

#11 எதிர்க்காற்று

வைரஸ் வைரஸ் என்கிறீர்கள், தடுப்பூசியைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை? என் மைத்துனிக்கு ஊசிக்கு அப்புறம் மாதவிலக்கே குழம்பிவிட்டது. ஆண்களுக்கு விந்தணு போய்விட்டது என்று எத்தனை பேர் சொன்னார்கள்.

#12 ஓய்வுபெற்றவைத்தியர்

உங்கள் மைத்துனி சொன்னது பொய்யில்லை. ஆரம்பத்தில் பெண்கள் இதைச் சொன்னபோது மருத்துவ உலகம் காது கொடுக்கவில்லை, அது எங்கள் தப்பு. பிறகு அமெரிக்காவில் கிட்டத்தட்ட 4,000 பேரின் சுழற்சியை எடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்ட மாதத்தில் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவான தாமதம், பிறகு பழையபடி. சராசரி என்பதால் சிலருக்குக் கூடுதலாகவும் இருந்திருக்கும்.

விந்தணு கதை வேறு. ஊசிக்கு முன்னும் பின்னும் 45 ஆண்களைச் சோதித்ததில் எதுவும் குறையவில்லை. குழந்தைக்கு முயன்ற 2,126 தம்பதிகளைத் தொடர்ந்து பார்த்ததில் ஊசியால் எந்த வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் தெரிந்தது, ஆணுக்கு நோயே வந்திருந்தால். அதுவும் முதல் இரண்டு மாதத்துக்குத்தான்.

#13 எதிர்க்காற்று

ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்றும் பாருங்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

#14 கானல்

மேலே ஓடும் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். தேதி வந்தபோது மருத்துவமனை மூடிக் கிடந்தது. போன் செய்தால் "அவசரம் இல்லாததற்கு இப்போது வராதீர்கள்". யாருக்கு அவசரம் இல்லை? அடுத்த தேதி கிடைப்பதற்குள் நாள் தள்ளிப்போய்விட்டது. 2021-ல் மகன் பிறந்தான். அவன் இப்போது என் மடியில் கிடக்கிறான், அவனை வேண்டாமென்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அந்த முடிவு என் கையில் இருந்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

#15 எண்கணக்கன்

கானல், நீங்கள் ஒரு பெரிய எண்ணுக்குள் இருக்கிறீர்கள். ஐநா மக்கள்தொகை நிதியம் 2021 மார்ச்சில் சொன்ன மதிப்பீடு: 115 ஏழை, நடுத்தர நாடுகளில் 1 கோடியே 20 லட்சம் பெண்களுக்குக் கருத்தடை கிடைக்காமல் போனது, 14 லட்சம் திட்டமிடாத கர்ப்பங்கள். இதே அமைப்பு 2020 ஏப்ரலில் பயந்தது 4 கோடியே 70 லட்சம் பெண்கள், 70 லட்சம் கர்ப்பங்கள் என்று. அந்த அளவுக்குப் போகாததற்கு ஒரு காரணம், பல இடங்களில் ஒரே தடவையில் பல மாத மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பியதும் தொலைபேசி ஆலோசனையும்.

இங்கிலாந்தில் 2020 மார்ச் கடைசியில், ஆரம்ப வாரக் கருக்கலைப்புக்கான இரண்டு மாத்திரைகளையும் வீட்டிலேயே எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். 52,000-க்கும் மேற்பட்ட கருக்கலைப்புகளை ஆராய்ந்ததில், நேரில் வந்தவர்களுக்கு எவ்வளவு பாதுகாப்போ அவ்வளவே இதிலும். அதனால் 2022-ல் அதை நிரந்தரமாக்க நாடாளுமன்றம் வாக்களித்தது.

#16 ஒற்றைப்படகு

இன்னொன்று. நான் ஆண், நான் தேடுவதும் ஆண்களைத்தான். முன்பு சொல்லத் தயங்கினேன். 2022-ல் குரங்கம்மை வந்தபோது நோயாளிகளில் பெரும்பாலோர் எங்களைப் போன்றவர்கள். கொரோனா மூச்சுக்காற்றில் போவது; இது தோலோடு தோல் உரசிப் போவது. யாரும் எங்களை அடைத்துவைக்கவில்லை. நாங்களாகவே ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டு, சந்திப்புகளைக் குறைத்துக்கொண்டு, தடுப்பூசி வரிசையில் நின்றோம். அமெரிக்காவில் அந்த ஆகஸ்டில் கேட்டபோது பாதிப் பேர் துணைகளைக் குறைத்திருந்தார்கள். எச்ஐவி காலத்திலிருந்து மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்த பழக்கம் இது. "அடக்கமாக இருங்கள்" என்று பொத்தாம் பொதுவாக மிரட்டினால் யாரும் கேட்பதில்லை. எது எப்படிப் பரவும் என்று சொன்னால் ஜனங்கள் கேட்கிறார்கள்.

#17 பெயர்வேண்டாம்

முதல் பதிவில் "ஆசையே வரவில்லை, அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்து எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் வீட்டில் எனக்கு ஆசை இருக்கிறதா இல்லையா என்பது ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. முன்பு என் கணவர் வெளியே போகும் எட்டு மணி நேரம் எனக்கு இருந்தது. அது போய்விட்டது. உதவி எண் கையில் இருந்தது. பேசத்தான் ஒரு மூலை இல்லை. 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி ஐநா தலைமைச் செயலர் வீட்டு வன்முறையை நிறுத்தச் சொல்லிப் பேசியதைச் செய்தியில் பார்த்தேன். கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சேனலை மாற்றினார்.

இப்போது நான் அங்கே இல்லை. கவலைப்பட வேண்டாம்.

#18 முன்னாள்செவிலி

நல்ல காலம், வெளியே வந்துவிட்டீர்களம்மா. எப்போதாவது பேசத் தோன்றினால் தனிமடலில் வாருங்கள்.

#19 ஓய்வுபெற்றவைத்தியர்

நீலமலருக்கு நாங்கள் யாருமே நேராகப் பதில் சொல்லவில்லை. பேன்கிராஃப்ட், ஜான்சென் என்று இரண்டு ஆய்வாளர்கள் பாலுணர்வைப் பற்றிச் சொன்னது எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது. வண்டியைப் போல அதற்கு முடுக்கியும் உண்டு, பிரேக்கும் உண்டு. ஆசை வராதபோது எல்லோரும் முடுக்கியை மிதிக்கப் பார்ப்பார்கள்: அலங்காரம், இசை, மாத்திரை. காலோ பிரேக்கின் மேல் இருக்கும். அந்த வருடம் வேலை, வைரஸ், பெற்றோர் உடல்நிலை என்று எத்தனை கால்கள் அந்த ஒரே பிரேக்கின் மேல்! அருகில் இருப்பது மட்டும் ஆசையைக் கிளப்பிவிடாது. சொல்லப்போனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க இடம் வேண்டும். நாள் முழுக்கத் தலை வாராமல் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் பார்க்க என்ன மிச்சம்?

#20 இரவுக்காகம்

டாக்டர், தலை வாரினாலும் பிள்ளைங்க அறையை விட்டுப் போகணும்ல.

#21 நீலமலர்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பெயர்வேண்டாம், "அவ்வளவுதான்" என்று நான் எழுதியதை இப்போது வேறு மாதிரி படிக்கிறேன்.

நேற்றிரவு கைப்பேசியை அவரிடம் கொடுத்து இந்த இழையைப் படிக்கச் சொன்னேன். என் பதிவு எது என்று சொல்லவில்லை, முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பார். முழுக்கப் படித்தார். ரொம்ப நேரம் கழித்து, "உன் அப்பா மருத்துவமனையில் இருந்தார். நீ இரவெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருப்பாய். அந்த நேரத்தில் உன்னைத் தொட்டால் கேவலமாக நினைப்பாயோ என்று இருந்தது" என்றார். நான் அந்த மாதங்கள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது, அவருக்கு நான் அலுத்துவிட்டேன் என்று.

#22 பனித்துளி78

வைத்தியர் ஐயாவுக்கு: ரத்தம் பார்த்தேன். வெறும் வயித்துல சர்க்கரை 162. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க, அடுத்த வாரம் இதயத்தையும் பார்க்கச் சொல்லியிருக்காங்க. நண்பன் சொன்னதை வாங்கல. மனைவிகிட்டயும் சொல்லிட்டேன். சர்க்கரையைப் பத்தி மட்டும்.